முதல் மெட்டும் பெரிய கடென்சாவும்: ராக்மானினாஃபின் மூன்றாவது பியானோ கான்செர்டோவும் அதன் ஒலிப்பதிவுகளும்

தனி வாசிப்பாளர் ஒருவரும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்தும் எதிர்நின்றும் வாசிக்கும்படி எழுதப்படும், பெரும்பாலும் மூன்று பகுதிகள் கொண்ட நீண்ட இசைப்படைப்பு கான்செர்டோ எனப்படுகிறது. அதில் எந்தச் சுரம், எந்த வாத்தியத்தில், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை இசையமைப்பாளரே எழுதி அச்சிட்டு விடுவதால், ஒரே கான்செர்டோவைப் பதிவு செய்த ஐம்பது பேரின் வாசிப்பை ஒப்பிட்டுக் கேட்பவர் அடிப்படையில் ஒரே பொருளைத்தான் ஐம்பது முறை கேட்கிறார் என்று நினைக்கத் தோன்றும். செர்கெய் ராக்மானினாஃப் 1909ஆம் ஆண்டில் டி மைனர் சுருதியில் இயற்றிய மூன்றாவது பியானோ கான்செர்டோவைப் பொறுத்தவரை இந்த எண்ணம் நிலைப்பதில்லை. வாசிக்கப்படும் சுரங்களே பதிவுக்குப் பதிவு மாறுகின்றன. சில பதிவுகளில் பக்கங்களே விடுபட்டிருக்கின்றன. இசையமைப்பாளரே வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டும் அவரே அச்சிட்ட பிரதியோடு ஒத்துப்போவதில்லை. ஆகவே இப்பதிவுகளை மதிப்பிட முனைவோர், யார் நன்றாக வாசிக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே, எது வாசிக்கப்படுகிறது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

படைப்பின் பிறப்பு வரலாறு சுருக்கமானது. ரஷ்யாவின் தம்போவ் பகுதியில் இருந்த இவானோவ்கா என்னும் பண்ணை வீட்டில் 1909ஆம் ஆண்டுக் கோடையில் எழுதப்பட்ட இந்தக் கான்செர்டோ, ராக்மானினாஃப் மேற்கொள்ளவிருந்த முதல் அமெரிக்கப் பயணத்துக்கென உருவானது. பயிற்சிக்கு நேரம் போதாமல், கப்பலில் ஒலியெழுப்பாத கட்டைப் பலகை ஒன்றை வைத்து விரல்களைப் பழக்கிக்கொண்டே அவர் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். 1909 நவம்பர் 28 அன்று நியூயார்க்கில் வால்டர் டாம்ராஷ் நடத்த முதல் அரங்கேற்றம் நிகழ்ந்தது. சில வாரங்கள் கழித்து, 1910 ஜனவரி 16 அன்று, குஸ்டாவ் மாலர் நடத்த நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் அவர் அதை மீண்டும் வாசித்தார். ஒத்திகையில் பியானோவுக்குப் பின்னால் நிற்கும் வாத்தியங்களின் பங்கை மாலர் எவ்வளவு பொறுமையாகச் செதுக்கினார் என்பதையும், குறித்த நேரம் கடந்த பிறகும் வாத்தியக்காரர்கள் எழாமல் வாசித்ததையும் ராக்மானினாஃப் பிற்காலத்தில் மதிப்போடு நினைவுகூர்ந்திருக்கிறார். படைப்பு காணிக்கையாக்கப்பட்ட பெரும் பியானோ கலைஞர் யோசஃப் ஹாஃப்மன் அதை ஒருமுறைகூட மேடையில் வாசிக்கவில்லை. பியானோக்காரருக்கு மட்டுமே உரிய சாகசம் என்ற பெயர் பின்னாளில் இந்தப் படைப்பின் மீது படிந்துவிட்ட நிலையில், மாலரின் அந்த ஒத்திகையை மனத்தில் வைத்திருப்பது ஒப்பீட்டுக்குப் பெரிதும் உதவும்.

முதற்கேள்வி வெட்டுகளைப் பற்றியது. 1939 டிசம்பரிலும் 1940 பிப்ரவரியிலும் யூஜின் ஆர்மண்டி நடத்திய ஃபிலடெல்ஃபியா வாத்தியக் குழுவுடன் ராக்மானினாஃப் செய்த பதிவு ஏறத்தாழ 34 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. முழுப் பிரதியை வாசிப்போருக்கு 40 நிமிடத்துக்கு மேலாவது வழக்கம். இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு அவருடைய வேகமான காலப்பிரமாணத்தால் வந்தது, மற்றொரு பங்கு மூன்று பகுதிகளிலும் அவர் விட்டுவிட்ட இடங்களால் வந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் அக்காலத்துத் தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் இசையை அடக்க முடியும் என்பதால், தட்டுக்குள் அடக்குவதற்காகவே வெட்டு நிகழ்ந்தது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் பாதியளவே பொருந்தும். இடநெருக்கடி ஏதுமில்லாத அச்சுப் பிரதிகளிலும் ராக்மானினாஃப் தம் படைப்புகளைச் சுருக்கிக்கொண்டே இருந்தவர்; 1913இல் எழுதிய இரண்டாவது பியானோ சொனாட்டாவை 1931இல் கணிசமாகக் குறைத்து மறுபதிப்புச் செய்தார். அதே ஆண்டில் இயற்றிய கொரெல்லி வேரியேஷன்களைக் கச்சேரியில் வாசிக்கையில், அவையோரின் இருமல் அதிகமானால் அடுத்த வேரியேஷனைத் தாண்டிவிடுவதாக இசையமைப்பாளர் நிக்கொலாய் மெத்னருக்கு எழுதிய கடிதத்தில் அவரே குறிப்பிடுகிறார். தம் நீளத்தைக் குறித்துத் தாமே கூச்சப்பட்ட ஒருவரின் கையிலிருந்து வந்த வெட்டுகள் அவை. ஆதலால் ‘இசையமைப்பாளரே செய்தது’ என்ற ஒரே காரணத்தால் அவற்றுக்கு இறுதி அதிகாரம் வழங்கிவிட முடியாது. குறிப்பாக மூன்றாம் பகுதியின் நடுவே, முதல் பகுதியின் நினைவுகள் விளையாட்டான சாயலில் திரும்பி வரும் பகுதியைக் குறைக்கும்போது, கடைசியில் எழும் பேரொலிக்கு முன்பு கேட்பவருக்குக் கிடைக்க வேண்டிய மூச்சும் சேர்ந்தே குறைந்துபோகிறது.

இரண்டாவது கேள்வி கடென்சாவைப் பற்றியது. வாத்தியக் குழு நின்றுவிட, தனி வாசிப்பாளர் மட்டும் படைப்பின் மெட்டுகளை எடுத்து விரித்து வாசிக்கும் பகுதியே கடென்சா. இக்கான்செர்டோவின் முதல் பகுதியில் வரும் கடென்சாவின் தொடக்கத்துக்கு அச்சுப் பிரதியிலேயே இரண்டு வடிவங்கள் தரப்பட்டுள்ளன: ஒன்று விரல்கள் இலேசாகத் தெறித்து ஓடும் வடிவம், மற்றொன்று இரு கைகளும் நிறைந்த பல சுரக் கொத்துகளை அடுக்கிக்கொண்டே போகும் கனமான வடிவம். பின்னதை இசை வழக்கில் ‘ஒஸ்ஸியா’, அதாவது மாற்றுப் பாடம், என்று அழைப்பர். ராக்மானினாஃப் தம் பதிவில் வாசித்தது இலேசான வடிவத்தையே. பியானோ கலைஞர்கள் விளாதிமிர் ஹொரோவிட்ஸும் மார்த்தா ஆர்கெரிச்சும் அவ்வழியையே பின்பற்றினர். 1958க்குப் பின், குறிப்பாக அமெரிக்கப் பியானோ கலைஞர் வான் கிளைபர்னின் புகழுக்குப் பின், கனமான வடிவம் இளைஞரிடையே பெருவழக்காயிற்று. இன்று போட்டி மேடைகளில் அதைத் தவிர்ப்பவர் விரல் வலிமை குறைந்தவர் என்ற எண்ணம்கூட உலவுகிறது. இந்த எண்ணம் தவறானது. முதல் பகுதி முழுவதும் எந்த அளவு எடையோடு கட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தே இரண்டில் எது பொருந்தும் என்று சொல்ல முடியும். முன்பகுதியை வேகமாகவும் மெல்லிய கோடாகவும் வரைந்த ஒருவர் கடென்சாவில் மட்டும் திடீரென்று கோபுரம் எழுப்பினால், அந்தக் கோபுரம் தனியே நிற்கும்.

கடென்சாவைவிடக் கூர்மையான உரைகல் ஒன்று படைப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. வாத்தியக் குழு இரண்டே தாளக் கட்டங்களுக்கு மெல்லிய அசைவைத் தொடங்கி வைக்க, பியானோ நுழைகிறது: இரு கைகளும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் ஒரே மெட்டை வாசிக்கின்றன, சுரக் கொத்து ஏதும் இல்லை, அலங்காரம் ஏதும் இல்லை, மெட்டு பெரும்பாலும் ஒட்டிய சுரங்களிலேயே நடக்கிறது. ஓராண்டு பயின்ற மாணவர்கூட இந்தச் சுரங்களைத் தட்டிவிடலாம். கீவ் நகரத்துப் பெச்செர்ஸ்க் மடாலயத்தில் பாடப்பட்ட பழைய வழிபாட்டுப் பாடல் ஒன்றோடு இம்மெட்டுக்கு உள்ள ஒற்றுமையை யோசஃப் யாசர் என்ற இசையியலாளர் கண்டறிந்து கேட்டபோது, அது எங்கிருந்தும் எடுக்கப்பட்டதில்லை, தானாகவே எழுதிக்கொண்டது என்றும், ஒரு பாடகர் பாடுவதுபோல் அதைப் பியானோவில் பாடவைக்கவே தாம் விரும்பியதாகவும் ராக்மானினாஃப் பதிலளித்தார். பியானோவின் ஒவ்வொரு சுரமும் சுத்தி தந்தியைத் தட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும் என்பதால், பாடுவது என்பது அவ்வாத்தியத்தில் ஒரு கண்கட்டு வித்தைதான். முந்திய சுரம் தேய்ந்திருக்கும் அளவைக் காது அளந்து, அதற்கேற்ற எடையில் அடுத்த சுரத்தைப் பொருத்தினால் மட்டுமே இழை அறுந்ததாகத் தோன்றாது. மெட்டு முடிந்ததும் அது வயோலாக்களிடமும் ஹார்னிடமும் போய்ச் சேர, பியானோ விரைந்தோடும் சிறு சுரங்களால் அதைச் சுற்றிப் படர்கிறது. முதல் வாசிப்பில் முன்னே நின்றவர் இப்போது பின்னே நகர்கிறாரா என்பதை, எந்தப் பதிவிலும் ஒரு நிமிடத்துக்குள்ளாகவே கேட்டறிந்துவிடலாம்.

இந்த இடத்தில் இசையமைப்பாளரின் பதிவு தனித்து நிற்கிறது. ராக்மானினாஃப் மெட்டை நெகிழ வைப்பதில்லை, ஏக்கம் பூசுவதில்லை. நடைவேகத்தில், ஆனால் சொற்றொடர் முடியும் இடங்களில் மிகச் சிறிதளவு மூச்சு விட்டு, உரைநடை பேசுவதுபோல் வாசிக்கிறார். மெட்டு வாத்தியக் குழுவுக்குக் கைமாறியவுடன் அவருடைய விரல்கள் ஒரு படி கீழே இறங்கிவிடுகின்றன. ஒவ்வொரு படைப்புக்கும் உச்சப்புள்ளி ஒன்று உண்டென்றும், வாசிப்பு முழுவதும் அதை நோக்கி அளந்து நகர வேண்டுமென்றும், அந்தப் புள்ளி தவறினால் கட்டடமே சரிந்துவிடும் என்றும் அவர் நம்பியதை மரியெத்தா ஷகினியான் என்ற ரஷ்ய எழுத்தாளர் பதிவு செய்திருக்கிறார். வெட்டுகளால் இப்பதிவு எவ்வளவுதான் இழந்திருந்தாலும், இந்த அளந்து நகரும் ஒழுக்கத்தில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க பதிவுகள் சிலவே. இதைக் கேட்காமல் இக்கான்செர்டோவைப் பற்றி முடிவுக்கு வருவது சரியாகாது. இதை மட்டுமே கேட்டு முடிவுக்கு வருவதும் சரியாகாது.

இசையமைப்பாளருக்கு முன்பே இப்படைப்பைத் தட்டில் பதித்தவர் விளாதிமிர் ஹொரோவிட்ஸ். 1928 ஜனவரியில் நியூயார்க் வந்திறங்கிய அவர், ஸ்டைன்வே நிறுவனத்தின் நிலவறையில் ராக்மானினாஃப் இரண்டாவது பியானோவில் வாத்தியக் குழுவின் பங்கை வாசிக்க, இக்கான்செர்டோவை அவருக்கு வாசித்துக் காட்டினார். 1930 டிசம்பர் இறுதியில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் ஆல்பர்ட் கோட்ஸ் நடத்த, லண்டன் சிம்பனி குழுவுடன் அவர் செய்த பதிவே இப்படைப்பின் முதல் ஒலிப்பதிவு. வெட்டுகள் அதிலும் உண்டு. ஆனால் இலேசான கடென்சா அங்கே பொறி பறக்க ஓடுவதைப் போல் பின்வந்த பதிவுகளில் அரிதாகவே கேட்கக் கிடைக்கிறது. 1951இல் நடத்துநர் ஃப்ரிட்ஸ் ரெய்னருடன் செய்த பதிவில் அதே கைகள் இன்னும் உறுதியாக, இன்னும் கூர்மையாக ஒலிக்கின்றன. முதல் மெட்டைப் பொறுத்தமட்டில் ஹொரோவிட்ஸ் பாடகராகத் தெரிவதைவிடச் சித்திரக்காரராகத் தெரிகிறார். ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வண்ணம் தீட்டுகிறார், அதனாலேயே இழை சில இடங்களில் தனித்தனிப் புள்ளிகளாகிறது. 1942இல் ஹாலிவுட் பவுல் திறந்தவெளி அரங்கில் அவர் இதை வாசித்து முடித்தபோது ராக்மானினாஃபே மேடைக்கு வந்து வாழ்த்தினார். அந்த வாழ்த்து உண்மையானது என்பதில் ஐயமில்லை; ஆயினும் தாம் வாசித்த விதத்துக்கு நேர்மாறான ஒன்றையும் ஓர் இசையமைப்பாளர் மனமாரப் பாராட்ட முடியும் என்பதற்கே அது சான்று.

ஒப்பீட்டுக்கு மிக அருமையான வாய்ப்பு ஒன்றை வரலாறு தற்செயலாக அளித்திருக்கிறது. 1939–40இல் ராக்மானினாஃபுக்கு உடன் நின்ற யூஜின் ஆர்மண்டி, 36 ஆண்டுகள் கழித்து 1975இல் அதே ஃபிலடெல்ஃபியா குழுவுடன் விளாதிமிர் அஷ்கெனாசிக்கும், 1978 ஜனவரி 8 அன்று கார்னகி ஹாலில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் ஹொரோவிட்ஸுக்கும் இதே கான்செர்டோவை நடத்தினார். நடத்துநர் ஒருவரே என்பதால், மூன்று பதிவுகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டின் பெரும்பங்கை வாசிப்பாளரின் கணக்கிலும் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். 1939இல் குழு பியானோவின் பின்னாலேயே நடக்கிறது என்றாலும், மரக்குழல் வாத்தியங்கள் தட்டின் இரைச்சலையும் மீறித் தெளிவாக எட்டிப் பார்க்கின்றன. 1975இல் ஒலி அகன்று, தந்தி வாத்தியங்கள் புகழ்பெற்ற அந்த ஃபிலடெல்ஃபியாச் செழுமையோடு எழும்புகின்றன. அஷ்கெனாசியும் அச்செழுமைக்கு ஏற்ப விரிவாகவே வாசிக்கிறார், விரிவில் முன்னோக்கிய உந்துதல் சற்றுத் தளர்கிறது. 1978இல் நிலைமை முற்றிலும் வேறு. கால் நூற்றாண்டாக எந்த வாத்தியக் குழுவோடும் மேடையேறாதிருந்த 74 வயது ஹொரோவிட்ஸ், தம் அமெரிக்க அரங்கேற்றத்தின் பொன்விழாவுக்காக வாசித்த கச்சேரி அது. தவறிய சுரங்கள் உண்டு, எதிர்பாராத இடங்களில் காலம் இழுபட்டும் முந்தியும் போகிறது, ஆர்மண்டி அவரை விட்டுவிடாமல் பின்தொடர்வதே பெரும் திறமை. இப்பதிவை முதுமையின் சிதைவு என்று ஒதுக்கிய விமரிசகர் பலர். கீழ் ஸ்தாயியில் அவர் எழுப்பும் இடிமுழக்கத்தையும், இரண்டாம் பகுதியில் உள்ளடங்கிய குரல்களை ஒவ்வொன்றாக வெளிக்கொணரும் நுட்பத்தையும் வேறெவரிடமும் பெற முடியாது என்பதை அவர்கள் போதிய அளவு எடைபோடவில்லை.

உரிய கவனம் பெறாத பதிவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது வால்டர் கீஸகிங், வில்லெம் மெங்கல்பெர்க் நடத்த, ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் குழுவுடன் 1940 மார்ச் 28 அன்று வாசித்த கச்சேரி. ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன் வானொலி வழியே ஒலிபரப்பாகி, அந்தப் பதிவின் மூலமே எஞ்சியது அது. டெபுஸ்ஸியும் ராவெலும் எழுதிய மெல்லிய இசைக்கே பேர்பெற்ற கீஸகிங் இங்கே முற்றிலும் வேறு மனிதராக, அபாயத்தை நோக்கி ஓடுபவராக வாசிக்கிறார். மெங்கல்பெர்க்கின் தந்தி வாத்தியக்காரர்கள் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை வழுக்கிச் செல்லும் அக்காலப் பாணியை மறைக்காமல் கடைப்பிடிக்கின்றனர். இன்றைய குழுக்கள் கைவிட்டுவிட்ட அந்த வழுக்கல், குரலிசையோடு உறவு கொண்ட இப்படைப்புக்கு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பதை இப்பதிவே கற்றுத் தருகிறது. ஒலித்தரம் மங்கலானது. முதல் ஐந்து நிமிடங்கள் பொறுத்துக்கொண்டால் காது பழகிவிடும்.

1958 ஏப்ரலில் மாஸ்கோவில் நடந்த முதல் சைகோவ்ஸ்கி போட்டியில் வென்ற அமெரிக்க இளைஞர் வான் கிளைபர்ன், ஊர் திரும்பி, மே 19 அன்று கார்னகி ஹாலில், சோவியத் நடத்துநர் கிரீல் கோண்ட்ராஷின் நடத்த வாசித்த கச்சேரியின் பதிவு இக்கான்செர்டோவின் பொதுவாழ்வையே மாற்றியது. பிரதி முழுதாக வாசிக்கப்பட்டது, கனமான கடென்சா வாசிக்கப்பட்டது, பனிப்போரின் உச்சத்தில் இரு நாட்டுக் கலைஞர் ஒரே மேடையில் நின்றனர். அரசியலைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் பதிவு தாழ்ந்துபோவதில்லை. ரஷ்ய மரபில் வந்த ரோசினா லெவீனிடம் பயின்ற கிளைபர்ன், முதல் மெட்டை ராக்மானினாஃபைவிட மெதுவாக, ஆனால் ஒரே நீண்ட மூச்சில் பாடுகிறார்; கடென்சாவின் சுரக் கொத்துகளை அடிப்பதில்லை, ஊன்றுகிறார், அதனால் அவை எவ்வளவு உரத்தாலும் காதைக் கிழிப்பதில்லை. முன்பகுதியை அகலமாகக் கட்டியவருக்கே கனமான கடென்சா பொருந்தும் என்று மேலே சொல்லப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

இதற்கு எதிர்முனையில், 1982 டிசம்பரில் பெர்லினில் ரிக்கார்டோ ஷாயி நடத்த வாசிக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே தட்டாக வெளிவந்த ஆர்கெரிச்சின் கச்சேரி நிற்கிறது. இலேசான கடென்சா, தீப்பற்றிய வேகம், ஒவ்வொரு எதிர்பாராத வளைவிலும் குழுவைத் தம் பின்னே இழுத்துச் செல்லும் துணிவு ஆகியவை அதன் அடையாளங்கள். வேகமே குறை என்று சொல்வோர், இரண்டாம் பகுதியின் இறுதியை நெருங்கிக் கேட்க வேண்டும்: அங்கே கிளாரினெட்டும் பசூனும் முதல் பகுதியின் மெட்டை உருமாற்றி நடனத் தாளத்தில் வாசிக்க, பியானோ அவற்றின் மேல் சின்னஞ்சிறு ஒளித்துளிகளைத் தூவுகிறது, ஆர்கெரிச் அந்த இடத்தில் தம் வேகத்தைக் குறைக்காமலேயே ஒலியை மட்டும் ஆவிபோல் மெலிய வைத்து, மெட்டை மரக்குழல்களிடம் முழுதாக ஒப்படைத்துவிடுகிறார். பெரும்பாலான ஸ்டூடியோப் பதிவுகளில் இதே இடம் பாழாகிறது. மைக்கைப் பியானோவுக்கு மிக அருகே நிறுத்திப் பதிவு செய்வதால் துணைக்கு வரும் சிறு சுரங்கள் முன்னே வந்து, கிளாரினெட் சுவருக்கு அப்பாலிருந்து ஒலிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அஷ்கெனாசி 1963இல் ஃபிஸ்தூலாரியுடனும், 1971இல் பிரெவினுடனும், 1975இல் ஆர்மண்டியுடனும், 1985இல் ஹைடிங்குடனும் என நான்கு நடத்துநர்களோடு செய்த நான்கு பதிவுகளை அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே மனிதரின் கைகள் அரங்குக்கு அரங்கு எவ்வாறு வேறு அளவில் ஒலிக்கின்றன என்பது புலப்படும். விமரிசகர்கள் வாசிப்பாளரின் குணமாகக் குறிப்பிடும் பல அம்சங்கள் உண்மையில் ஒலிப்பொறியாளரின் முடிவுகளே.

1996இல் வெளியான ‘ஷைன்’ என்ற ஆஸ்திரேலியத் திரைப்படம், இக்கான்செர்டோவை மனிதரின் மனநிலையையே குலைக்கவல்ல மலையாகச் சித்திரித்ததிலிருந்து, இதன் கடினம் பற்றிய பேச்சே இதன் அழகு பற்றிய பேச்சை மூடிவிட்டது. கடினம் என்பது பயிற்சியால் கடக்கக்கூடியது. இன்று உலகின் பெரும் இசைப்பள்ளிகளில் இதைத் தவறின்றி வாசிக்கும் இருபது வயதினர் அநேகர். 2022 ஜூனில், டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரில் வான் கிளைபர்ன் பெயராலேயே நடக்கும் போட்டியின் இறுதிச் சுற்றில், மாரின் ஆல்ஸப் நடத்த, தென்கொரியாவின் யுன்சான் லிம் தம் 18ஆம் வயதில் இதை வாசித்து, அப்போட்டியின் வரலாற்றிலேயே மிக இளைய வெற்றியாளரானார். காணொளியாகப் பரவிய அந்த வாசிப்பைப் பல்லாயிரம் பேர் கனமான கடென்சாவுக்காகவும் இறுதிப் பாய்ச்சலுக்காகவும் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். ஆனால் அவ்வாசிப்பின் தரத்தை உறுதிசெய்யும் இடம் கடென்சாவின் உச்சம் அடங்கிய பிறகே வருகிறது. பியானோ அலையலையாகத் தணிந்துகொண்டிருக்க, இதுவரை காத்திருந்த புல்லாங்குழல் முதல் மெட்டை எடுக்கிறது, அடுத்து ஓபோ, அடுத்து கிளாரினெட், கடைசியில் ஹார்ன்; அரங்கே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், சற்றுமுன் இடியாக முழங்கிய கைகளைக் கொண்டு அந்த இளைஞர், குழல் வாசிப்பவரின் மூச்சு முடியும் இடம்வரை தம் சுரங்களைத் தாழ்த்திப் பிடித்துக் காத்திருக்கிறார்.